புதர் வெட்டிய பின் மினி டிராக்டரில் வரும் பழுதுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வரையிலும், தெற்கே ஆனைமலை, மீனாட்சிபுரம் பக்கமும் தென்னந்தோப்புகளில் ஓடும் 18 முதல் 28 குதிரைத்திறன் வரையிலான சிறிய டிராக்டர்களைப் பழுது பார்க்கும் இடங்களில், ஒரே விதமான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வேர் வாடல் நோயால் மரங்களை வெட்டிவிட்டுச் சும்மா போட்டிருந்த தோப்பை மறுபடி உழவுக்குக் கொண்டுவரப் பலர் முயல்கிறார்கள். அங்கே உண்ணிச்செடியும் சீமைக்கருவேலும், கேரளப் பக்கம் கம்யூனிஸ்ட் பச்சை என்ற களைச்செடியும் ஆள் உயரத்துக்கு நிற்க, அவற்றுக்கு அடியில் பழைய தென்னங்கட்டையும் அறுந்த சொட்டுநீர்க் குழாயும் வேலிக்கம்பியும் மறைந்து கிடக்கின்றன. வண்டி வேலையை முடித்துவிட்டு ஓடித்தான் வீடு வந்து சேர்கிறது. பழுது மறுநாளோ மறுவாரமோ தெரிகிறது.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். அளவுகள் மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே எண் சொல்லாத இடங்களில் வண்டியுடன் வந்த கையேட்டில் உள்ளதையே பின்பற்றவும்.

வேலை முடிஞ்சு வந்ததும் முதல்ல என்னங்க பார்க்கணும்? தண்ணி அடிச்சுக் கழுவிட்டுப் பார்க்கலாமுங்களா?

கழுவுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். புதரில் ஓடிய வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் புழுதி படிந்திருக்கும். எங்கேயாவது எண்ணெய் கசிந்தால் அந்தப் புழுதியின் மேல் ஈரமான கருங்கோடு விழுந்திருக்கும், கோட்டின் மேல்முனையில் கசிவு தொடங்கிய இடம் இருக்கும். பிரஷர் பம்பில் தண்ணீர் அடித்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடுகிறது. பிறகு கசிவு மறுபடி கண்ணில் பட இன்னும் பல மணி நேரம் வண்டியை ஓட்ட வேண்டியிருக்கும்.

சமதளத்தில் நிறுத்தி, பின்னால் மாட்டிய கருவியைத் தரையில் இறக்கி, பி.டி.ஓ.வை (எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் சுழல்தண்டு) விடுவித்து, எஞ்சினை அணைத்து, கை பிரேக்கைப் போட்டுச் சாவியை எடுத்துவிடவும். சைலன்சரின் மேலும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டைச் சுற்றியும் அடைந்திருக்கும் காய்ந்த சருகைக் குச்சியால் தள்ளி எடுப்பது முதல் வேலை. அந்தச் சருகு ஷெட்டுக்குள் நிறுத்திய பிறகும் புகைந்து தீப்பிடிக்கக் கூடும். வண்டி ஆறியதும் டார்ச் விளக்குடன் குனிந்து, ரேடியேட்டர், விசிறி, டீசல் குழாய்கள், டை ராடு (முன்சக்கரங்களைத் திருப்பும் தண்டு), முன் அச்சு, ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி), ஸ்டார்ட்டர் ஒயர், பிரேக் ராடுகள், ஹைட்ராலிக் ஹோஸ், பி.டி.ஓ. ஷாஃப்ட் என்று முன்னிருந்து பின்னாகப் பார்த்துக்கொண்டே வரவும். கடைசியாக, பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்துவிட்டுப் போனால், காலையில் அது சொல்லும் செய்தியே பாதிப் பழுதைக் காட்டிவிடும்.

காலையில அட்டையில சொட்டுச் சொட்டா விழுந்திருக்குதுங்க. எது எந்த எண்ணெய்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஓடிய எஞ்சின் ஆயில் கறுப்பாகவும் கருகிய வாடையுடனும் இருக்கும். கியர் மற்றும் ஹைட்ராலிக் ஆயில் தேன் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். கூலண்ட் பச்சை அல்லது ரோஸ் நிறத்தில், தண்ணீர் போல ஓடினாலும் விரலில் பிசுபிசுக்கும். டீசலை மூக்கே சொல்லிவிடும்.

நிறத்தைவிடச் சொட்டிய இடம் நம்பகமானது. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன்சக்கரத்தின் உட்பக்கம் சொட்டியிருந்தால் முன் அச்சின் ஆயில் சீலையும் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), நடுவில் எஞ்சினுக்கு நேர் கீழே இருந்தால் சம்ப் மற்றும் டிரெயின் போல்ட்டையும், பின்பக்கம் என்றால் பி.டி.ஓ. சீலையும் ஹைட்ராலிக் இணைப்புகளையும் சந்தேகிக்க வேண்டும். ஒன்றை மட்டும் கவனத்தில் வைக்கவும்: ஓடும்போது விசிறிக் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே சொட்டும் இடத்திலிருந்து மேலாகவும் முன்னாகவும் ஈரத்தைத் தொடர்ந்து போய்ப் பார்க்கவும்.

ஹைட்ராலிக் ஆயில் கொஞ்சமாத்தானே கசியுது. இன்னும் ரெண்டு ஏக்கர் இருக்குது, முடிச்சிட்டு வரலாமுங்களா?

வேண்டாம். பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் ஹைட்ராலிக்குக்கும் கியர் பெட்டிக்கும் தனித்தனி எண்ணெய் கிடையாது. ஒரே எண்ணெய்தான் இரண்டுக்கும் போகிறது. கிளை உரசிக் கிழிந்த ஹோஸ் வழியாக வெளியேறுவது கியர்களும் பேரிங்குகளும் நனைந்து ஓட வேண்டிய எண்ணெய். ஹோஸுக்கு ஆகும் செலவைக் கியர் பெட்டிச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த இரண்டு ஏக்கர் காத்திருக்கலாம் என்று தோன்றும்.

எஞ்சின் ஓடும்போது ஹோஸைக் கையால் தடவிக் கசிவைத் தேடும் வழக்கம் மிக ஆபத்தானது. ஊசிமுனைத் துளை வழியாகப் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே சிறு புள்ளி மட்டும் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உடனடியாக அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். ஓர் அட்டைத் துண்டைக் குச்சியில் செருகி ஹோஸ் ஓரமாகக் கொண்டுபோனால் கசியும் இடத்தில் அட்டை நனையும், அதுவே போதும்.

புதர் வெட்டப் போனதிலிருந்து வண்டி சூடாகுதுங்க. ரேடியேட்டர் மாத்தணுமுங்களா?

மாற்றச் சொல்கிறவரிடம் முதலில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஜாலியைக் கழற்றிக் காட்டச் சொல்லவும். உண்ணிச்செடியின் காய்ந்த இலைத் தூளும், கம்யூனிஸ்ட் பச்சையின் பஞ்சு போன்ற விதையும், பார்த்தீனியப் பூவும் காற்றோடு உள்ளே இழுக்கப்பட்டு அந்த ஜாலியில் கம்பளி போலப் படிகின்றன. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காலத்தில் வெட்டினால் ஒரு மணி நேரத்திலேயே ஜாலி மூடிக்கொள்ளும். பல மாடல்களில் அந்த ஜாலி கைப்பிடியுடன் மேலே உருவி எடுக்கும்படி இருக்கிறது; அது இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களும் உண்டு.

ஜாலிக்குப் பின்னால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையிலும் தூசி புகுந்திருக்கும். காற்று முன்பக்கமிருந்து எஞ்சின் பக்கம் போவதால், சுத்தம் செய்யும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி ஊத வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் தூசி இன்னும் ஆழமாக இறுகும். கார் கழுவும் பிரஷர் கன்னை அருகில் பிடித்தால் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும், அதற்குப் பிறகு காற்றுப் போக வழியே இருக்காது. குறைந்த அழுத்தக் காற்றோ தோட்டத்துக் குழாய்த் தண்ணீரோ போதும்.

இவ்வளவு செய்தும் சூடானால் விசிறி பெல்ட்டைப் பார்க்கவும். இரண்டு புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இறங்க வேண்டும். அடியிலிருந்து நுழைந்த குச்சி விசிறி இறகு ஒன்றை ஒடித்திருந்தால் விசிறியையே மாற்ற வேண்டும். ஓர் இறகு குறைந்த விசிறி ஆடிக்கொண்டே சுற்றித் தண்ணீர்ப் பம்பின் பேரிங்கைக் கெடுக்கும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கை வெந்து வருகிறவர்கள் குறையவில்லை. குறைந்த அளவை ஈடுகட்டப் போர்த் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்பு படியும். கூலண்ட் கலவையையே ஊற்றவும்.

பத்து நிமிசம் நல்லா ஓடுது, அப்புறம் தானா நின்னுபோகுது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச நேரம் ஓடுது. பம்ப் போயிருக்குமுங்களா?

பம்புக்குக் கை வைக்கும் முன் டீசல் வரும் வழியைப் பார்க்கவும். டேங்கிலிருந்து வரும் டீசல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தையும் அதன் மேலுள்ள சிறு திருகு குழாயையும் கடந்து பில்டருக்குப் போகிறது. சில மாடல்களில் இந்தத் திருகு எஞ்சினின் பக்கவாட்டில் வெளியே தெரியும்படி இருக்கும். உரசிப் போகும் கிளை அதை முக்கால்வாசி மூடிவிடுகிறது. சொட்டுச் சொட்டாக வரும் டீசலில் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடி, பில்டரில் இருந்தது தீர்ந்ததும் நிற்கிறது. கேட்டவரின் வண்டியில் நடந்தது இதுவாக இருந்தால், திருகை முழுதாகத் திறப்பதோடு வேலை முடிந்தது.

திருகு சரியாக இருந்தால் ரப்பர் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, கிளாம்ப் நெகிழ்ந்து காற்று இழுக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் துளை மண்ணால் அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும். மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டும்போது நிற்காமல் ஓடினால் காற்றுத் துளைதான் காரணம். குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். சாவியைத் திருப்பி வைத்தால் மின்பம்பே அதைச் செய்துவிடும் மாடல்களும் இருக்கின்றன, கையால் பம்ப் செய்து பிளீட் திருகைத் தளர்த்த வேண்டிய மாடல்களும் இருக்கின்றன.

சாவி போட்டா விளக்கு எரியுது, செல்ஃப் எடுக்கவே மாட்டேங்குது. ஸ்க்ரூடிரைவர் வச்சு ஸ்டார்ட்டரைத் தொட்டா எடுக்குது. அப்படியே ஓட்டலாமுங்களா?

அப்படிச் செய்யவே கூடாது. வண்டி கியரில் இருக்கும்போது கீழே நின்றபடி ஸ்டார்ட்டரைக் குறுக்கே இணைத்தால், எஞ்சின் எடுத்த அந்த நொடியே பின்சக்கரம் நிற்பவர் மேல் ஏறிவிடும். டிராக்டர் மரணங்களில் இது பழைய, பழகிப்போன ஒரு வகை.

ஸ்க்ரூடிரைவரில் எடுக்கிறது என்பதிலிருந்து ஒன்று தெரிகிறது: பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் நன்றாக இருக்கின்றன, பெரும்பாலும் சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயரில்தான் தடை. ஸ்டார்ட்டரின் சோலினாய்டில் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச்) செருகியிருக்கும் அந்த ஒற்றை ஒயரைக் குச்சி இழுத்திருக்கும். அது சரியாக இருந்தால் கிளட்ச் மிதியின் கீழும், சில மாடல்களில் பி.டி.ஓ. நெம்புகோல் அருகிலும் உள்ள பாதுகாப்பு ஸ்விட்சுகளைப் பார்க்கவும். இவை மிதிபலகைக்கு அடியில் இருப்பதால் புதரின் முதல் இரை இவைதான். ஸ்விட்சை நேரடியாக இணைத்து ஒழித்துவிடும் எலக்ட்ரீஷியனிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவும். அதன் விலை பெரிதல்ல.

கறுப்புப் புகை வருது, இழுவையும் கம்மியாயிருச்சு. இஞ்செக்டர் சர்வீஸ் பண்ணணும்ங்கறாங்க.

காற்று போதாமல் எரியும் டீசலும் கறுப்புப் புகையைத்தான் தரும். ஏர் கிளீனரைத் திறந்து வெளி பில்டரை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். தட்டிச் சுத்தம் செய்வதைவிட, அதிகமாக அடைந்த பில்டரை மாற்றுவதே நல்லது. உள் பில்டரைச் சுத்தம் செய்து மறுபடி போடும் பழக்கம் வேண்டாம். ஆயில் பாத் வகையானால் கிண்ணத்தில் எண்ணெய் குறிக்கோடு வரை இருக்கிறதா, அடியில் சேறு தேங்கியிருக்கிறதா என்று பார்க்கவும்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு சின்ன உருப்படி இருக்கிறது. உலர் பில்டர் வகை ஏர் கிளீனரின் அடியில், மூக்கு போலத் தொங்கும் ரப்பர் வால்வு ஒன்று உண்டு. அதன் வாய் லேசாக மூடியிருக்கும், தூசி சேர்ந்தால் தானே திறந்து கொட்டும். கிளை அதைப் பிய்த்துக்கொண்டு போனாலும் வண்டியின் ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. தரைப் புழுதி அந்த ஓட்டை வழியாக ஏறிப் பில்டரைச் சீக்கிரம் அடைக்கும். பில்டரின் ரப்பர் விளிம்பும் பழுதாக இருந்தால் தூசி எஞ்சினுக்குள் போய் ரிங்கையும் லைனரையும் தேய்த்துவிடும். ஒவ்வொரு புதர் வேலைக்குப் பிறகும் அந்த ரப்பர் மூக்கு இருக்கிறதா என்று கைவைத்துப் பார்க்கவும்.

சீமைக்கருவேல் முள்ளு டியூபை ஓட்டை போட்டுட்டே இருக்குதுங்க. பஞ்சர் ஒட்டினா மறுபடி அதே பக்கம் போகுது. டயரையே மாத்தணுமா?

டியூப் ஒட்டப்பட்டிருக்கிறது, முள் டயருக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. காய்ந்த கருவேல் முள் டயரைத் துளைத்ததும் வெளியே ஒடிந்துவிடும். உள்ளே நிற்கும் நுனி, டயர் சுமையில் அமுங்கும்போது மட்டும் எட்டிப்பார்த்து டியூபைக் குத்தும். வெறும் கையால் தடவினால் கையும் கிழியும், நுனியும் தப்பிக்கும். கொஞ்சம் பஞ்சையோ பழைய பருத்தித் துணியையோ எடுத்து டயரின் உட்பக்கம் முழுக்க மெதுவாகத் துடைத்துக்கொண்டே போனால், முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கி நிற்கும். அங்கே குறடு போட்டு இழுத்தால் சில நேரம் ஒரு அங்குல முள் வெளியே வரும். முதல் முள்ளோடு நிறுத்தாமல் சுற்று முழுவதையும் துடைக்கவும்.

டியூபுக்குள் ஊற்றும் பசைக் கலவை இந்த வகைச் சிறு துளைகளுக்கு ஓரளவு உதவும். டயரின் பக்கச் சுவரைக் கட்டை கிழித்திருந்தால் அது உதவாது. உள்நூல் தெரியும் அளவுக்குக் கிழிந்த டயரை மாற்றத்தான் வேண்டும். பக்கச் சுவர் கிழிவதற்கு முக்கியக் காரணம் அரிவாளால் சாய்வாக வெட்டி விட்ட அடிக்கட்டை. சாய்வெட்டு காய்ந்தால் ஈட்டி முனையாகிவிடுகிறது. ஆள் வைத்து முன்னதாக வெட்டினால் தரையோடு மட்டமாக வெட்டச் சொல்லவும்.

நேரா விட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்குது. முன்னாடி டயர் ஒரு ஓரமாவே தேயுது.

கட்டையில் மோதியதால் டை ராடு வளைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத வளைவை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, இரண்டு முன்டயர்களின் முன்புறத்தில், அச்சின் உயரத்தில், நடுக்கோட்டில் சாக்பீஸால் குறியிட்டு இடையிலுள்ள தூரத்தை அளக்கவும். பிறகு அந்தக் குறிகள் பின்புறம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை மெதுவாக நகர்த்தி மறுபடி அளக்கவும். முன் அளவு பின் அளவைவிடச் சில மில்லிமீட்டர் மட்டும் குறைவாக இருக்க வேண்டும்; எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். முன் அளவு அதிகமாக இருந்தாலோ வித்தியாசம் விரற்கடை அளவுக்குப் போனாலோ ராடு வளைந்திருக்கிறது.

வளைந்த ராடைச் சூடு வைத்து நிமிர்த்தித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. இது திசைமாற்றும் பாகம், சூடு பட்ட இரும்பு பலம் குறைந்துவிடும். புதியதை வாங்கிப் போடவும்.

ரெண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தினா வண்டி இடது பக்கம் திரும்புது. இதுவும் டை ராடுதானுங்களா?

பிரேக் பிடிக்கும்போது மட்டும் திரும்பினால் டை ராடைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி மிதிகளும், அவற்றிலிருந்து பின்னோக்கிப் போகும் தனித்தனி ராடுகளும் இருக்கின்றன. மிதிபலகைக்கு அடியில் ஓடும் இந்த ராடுகளில் ஒன்றைக் கட்டை தூக்கிவிட்டால் அந்தப் பக்கப் பிரேக் முந்திக்கொள்ளும் அல்லது பிந்திப் பிடிக்கும். இரண்டு மிதிகளும் ஒரே அளவு இறங்கிய பிறகு பிடிக்கிறதா என்று தனித்தனியாக அழுத்திப் பார்த்து, ராடை நிமிர்த்தாமல் மாற்றி, நட்டுகளால் சமன் செய்யவும்.

தோப்புக்குள் 5 கிலோமீட்டர் வேகத்தில் இது சிறு தொந்தரவாகத் தெரியலாம். டிரெய்லர் மாட்டிக்கொண்டு பாலக்காடு சாலையில் வரும்போது அப்படி இருக்காது. இந்தப் பட்டியலில் உள்ள பழுதுகளில், சரிசெய்யாமல் சாலையில் ஏற்றவே கூடாதவை என்று நான் சொல்வது இதையும் டை ராடையும்தான்.

பி.டி.ஓ. போட்டா ஸ்லாஷர் உதறுது. போடாட்டி ஒண்ணுமில்ல.

உடனே நிறுத்தவும். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று என்ற வழக்கமான வேகத்தில் சுற்றும்போது, ஸ்லாஷர் என்ற புதர் வெட்டும் கருவியின் கியர் பெட்டி அதைக் கூட்டிக் கத்திகளுக்குத் தருகிறது. அந்த வேகத்தில் உதறல் நீடித்தால் கியர் பெட்டிப் பேரிங்கும் டிராக்டரின் பி.டி.ஓ. சீலும் சேர்ந்து போகும். எஞ்சினை அணைத்து, தூக்கிய கருவியின் கீழ் உறுதியான முட்டுக் கொடுத்த பிறகு கத்திகளைப் பார்க்கவும். ஒரு கத்தி கல்லில் பட்டு ஒடிந்திருந்தால் எதிர்க் கத்தியையும் சேர்த்து ஜோடியாக மாற்ற வேண்டும், எடை சமமாக இருக்க வேண்டும்.

கத்திகள் நன்றாக இருந்தால் ஷாஃப்டைக் கழற்றித் தரையில் உருட்டிப் பார்க்கவும். வளைந்திருந்தால் உருளும்போதே துள்ளும். இரண்டு முனைகளின் மூட்டுகளிலும் உள்ள சிலுவை வடிவக் கிராஸ் பேரிங்குகளைக் கையால் ஆட்டினால் தளர்வு தெரியக் கூடாது.

ஷியர் போல்ட் அடிக்கடி உடையுது. கடைக்காரர் நல்ல கெட்டி போல்ட் குடுத்தார், இப்ப உடையறதில்ல. சரிதானுங்களே?

உடைவதற்காகவே வைக்கப்பட்ட போல்ட் அது. கத்தி கட்டையில் மாட்டியதும் போல்ட் ஒடிந்து, அடியை அங்கேயே நிறுத்திவிடுகிறது. கெட்டி போல்ட் போட்டால் அந்த அடி கியர் பெட்டிக்கும் கிராஸுக்கும் பி.டி.ஓ. ஷாஃப்டுக்கும் போகும். போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று எண் பொறித்திருக்கும். கருவியின் கையேடு சொல்லும் எண்ணுக்கு மேல் போட வேண்டாம்.

போல்ட்டுக்குப் பதிலாக, சுமை கூடினால் வழுக்கும் ஸ்லிப் கிளட்ச் உள்ள ஷாஃப்ட் என்றால், மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்ததில் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அதுவும் கெட்டி போல்ட் போட்டதற்குச் சமம். ஸ்பிரிங்குகளின் நீளத்தை அளந்து வைத்துக்கொண்டு, நட்டுகளைச் சம அளவில் இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, தட்டுகளின் விளிம்பில் குறுக்காக ஒரு சாக்பீஸ் கோடு போடவும். யாரும் அருகில் இல்லாமல் பி.டி.ஓ.வை இரண்டு மூன்று நொடி மட்டும் போட்டு எடுத்து, எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் கோடு விலகியிருக்க வேண்டும். விலகியிருந்தால் வழுக்குகிறது, நட்டுகளைப் பழைய நீளத்துக்கே இறுக்கலாம். விலகவில்லை என்றால் பிரித்துத் துருவை எடுக்க வேண்டும்.

புதர் சின்னதுதான், ரொட்டவேட்டரையே விட்டு அடிச்சிட்டோம். ஒரு வாரம் கழிச்சு அதோட ஓரத்துல எண்ணெய் வழியுது. எதனாலைங்க?

ரொட்டவேட்டர் உழுத மண்ணைப் பொடியாக்கும் கருவி. நிற்கும் புதரை அதற்குள் கொடுப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். சொட்டுநீர்க் குழாய், தென்னங்கயிறு, வேலிக்கம்பி எல்லாம் அதன் ஷாஃப்டில் சுற்றி, ஓரத்துக்கு நகர்ந்து, பேரிங்கை மூடும் ஆயில் சீலின் உதட்டுக்கு அடியில் நுழைகின்றன. கம்பி அந்த உதட்டை மெல்ல அறுத்துக்கொண்டிருக்கும். எண்ணெய் வெளியே தெரிவதற்குள் நாட்கள் போய்விடும், அதற்குள் மண்ணும் உள்ளே போயிருக்கும்.

சுற்றியதை வேலை முடிந்த அன்றே, எஞ்சினை அணைத்துக் கருவிக்கு முட்டுக் கொடுத்து, கத்தியால் அறுத்து எடுக்கவும். ஓரத்துத் தகட்டின் பின்னால் ஒளிந்திருக்கும் கடைசிச் சுற்றுதான் சீலை அறுப்பது. இதே கதை முன்சக்கரத்தின் உட்பக்கத்திலும் பி.டி.ஓ. முனையிலும் நடக்கும். எண்ணெய் ஏற்கெனவே வழிந்துவிட்டால் சீலோடு பேரிங்கையும் பார்க்கச் சொல்லவும், ஏனென்றால் மண் கலந்த எண்ணெயில் ஓடிய பேரிங் அதிக நாள் தாங்காது.

லிஃப்ட் மெதுவாத் தூக்குது. எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருக்குது. எஞ்சின்ல தண்ணி கலந்திருச்சுன்னு பயமா இருக்குதுங்க.

எண்ணெய் அளவு பார்க்கும் எந்தக் குச்சியை உருவிப் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. எஞ்சின் ஆயில் குச்சியில் பால் நிறம் இருந்தால் கூலண்ட் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். சூடானதை அலட்சியம் செய்து ஓட்டிய வண்டிகளில் இது வரும். கியர், ஹைட்ராலிக் குச்சியில் பால் நிறம் என்றால் வெளித் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கியர் நெம்புகோலின் ரப்பர் உறையைக் கிளை கிழித்திருக்கும், அல்லது காற்றுப்போக்கி மூடி உடைந்திருக்கும். அந்த வழியாக மழையோ பிரஷர் பம்புத் தண்ணீரோ இறங்கியிருக்கும்.

உறையையும் மூடியையும் மாற்றி, எண்ணெயை முழுதாக வடித்துப் புதியது ஊற்றி, ஹைட்ராலிக் பில்டரையும் மாற்றவும். எண்ணெய் சுத்தமாக இருந்தும் லிஃப்ட் மெதுவாகத் தூக்கினால் அளவு குறைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவும்; ஹோஸ் கசிவைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்.

கட்டை அடியில இடிச்சுது, ஆயில் விளக்கு சிவப்பா எரிஞ்சுது. வீடு அரை கிலோமீட்டர்தான்னு ஓட்டிட்டு வந்துட்டேன். இப்ப எண்ணெய் ஊத்தினா போதுமுங்களா?

முதலில் சம்ப்பையும் டிரெயின் போல்ட்டையும் பார்த்து, எண்ணெய் எங்கே போனது என்பதைக் கண்டுபிடிக்கவும். ஓட்டையை அடைக்காமல் ஊற்றுவது வீண். எண்ணெய் முழுதாகப் போயிருந்தால் கிராங்க் பேரிங்குகள் அந்த அரை கிலோமீட்டரிலேயே கீறப்பட்டிருக்கலாம். சம்ப்பைக் கழற்றி அடியில் பளபளக்கும் துகள் இருக்கிறதா என்று மெக்கானிக் பார்க்காமல் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். குச்சியில் இன்னும் குறைந்தபட்சக் கோட்டுக்கு அருகில் எண்ணெய் இருந்தால், பிரஷர் ஸ்விட்சின் ஒயர் அறுந்து உரசியதால் விளக்கு எரிந்திருக்கவும் கூடும். ஆனால் அதை வண்டியை நிறுத்திப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்சூரன்ஸ்ல கிடைக்குமுங்களா? வேலை நடந்தது கேரளாவுல, வண்டி தமிழ்நாட்டு நம்பர்.

மாநில எல்லை தடையல்ல. பாலிசி இந்தியா முழுவதற்கும் செல்லும். கட்டாயமான மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் சொந்த வண்டியின் சேதத்துக்கு எதுவும் வராது. முழுப் பாலிசி இருந்தால், கட்டையில் மோதியது போன்ற வெளி விபத்தால் வந்த சேதத்தைக் கோரலாம். தேய்மானமும் இயந்திரப் பழுதும் அதில் சேராது. டயர், டியூப் மட்டும் சேதமானால் பொதுவாகக் கிடைக்காது, வண்டியும் அதே நேரத்தில் சேதமாகியிருந்தால் டயர் விலையில் பாதி வரை கிடைக்கும். விவசாயப் பயன்பாடு என்று பாலிசியில் இருக்க, வாடகைக்கு ஓட்டியபோது சேதம் என்றால் சிக்கல் வரும். கட்டையோடு சேர்த்துப் படம் எடுத்து, சர்வேயர் பார்க்கும் முன் பாகத்தைக் கழற்றாமல் வைக்கவும்.

எல்லாம் சரி பண்ணியாச்சு. ஃபோர் வீல் போட்டா மட்டும் தார் ரோட்டுல கடகடனு சத்தம், நெம்புகோலும் எடுக்க வரமாட்டேங்குது. முன் அச்சு போயிருச்சா?

முள் பிரச்சினைக்காகவோ கிழிசலுக்காகவோ டயர் மாற்றினீர்களா என்பதுதான் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி. நான்கு சக்கர இழுவையில் முன்சக்கரமும் பின்சக்கரமும் கியரால் பிணைக்கப்பட்டு, குறிப்பிட்ட டயர் சுற்றளவுகளுக்கு ஏற்ற விகிதத்தில் சுற்றுகின்றன. வேறு அளவு டயரைப் போட்டாலோ, பின்னால் தேய்ந்ததை விட்டுவிட்டு முன்னால் மட்டும் புதியது போட்டாலோ, அந்த விகிதம் விலகி இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று இழுக்கத் தொடங்கும். மண்ணில் டயர் வழுக்கி அந்த இழுவையை விட்டுக்கொடுக்கும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால் முறுக்கம் ஷாஃப்டிலேயே தங்கி, சத்தமாகவும் இறுகிய நெம்புகோலாகவும் வெளிப்படுகிறது.

சற்றுப் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கம் தளர்ந்து நெம்புகோல் வந்துவிடும். டயர் அளவு சரியாக இருந்தாலும் தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டக் கூடாது. தோப்பை விட்டு வெளியேறும்போதே எடுத்துவிடவும். நான்கு டயர்களிலும் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் அளவையும் காற்றழுத்தத்தையும் கையேட்டோடு ஒப்பிட்ட பிறகும், மண்ணில் ஓடும்போதே சத்தம் தொடர்ந்தால், அப்போதுதான் முன் அச்சைப் பிரிக்க வேண்டும்.